சிங்கப்பூர் பூமலை: எந்த நிலையத்தில் இறங்குவது, எந்தப் பக்கமிருந்து நடப்பது

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை அங்குள்ள தமிழர் பூமலை என்கிறார்கள். 1859இல் தொடங்கிய தோட்டம். இத்தாலியின் பதுவா, லண்டனின் கியூ ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2015இல் இடம்பெற்ற மூன்றாவது தாவரவியல் தோட்டம் இதுதான். காலை 5 மணி முதல் நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளேயிருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு வாங்க வேண்டும்.

பரப்பு 82 ஹெக்டேர். பார்க்கவேண்டிய பழைய பகுதிகள் பெரும்பாலும் தென்பாதியில் இருக்கின்றன. தெற்கு வடக்காக நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். எந்த முனையில் நுழைகிறோம் என்பதுதான் அன்றைய பயணம் இனிக்குமா சலிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

படி 1: பெயரைப் பார்த்து இறங்காதீர்கள்

முதல்முறை வருபவர்களில் நிறையப் பேர் தடுக்குவது இங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து வருவோர் வழக்கமாகத் தங்குவது லிட்டில் இந்தியாவில். அங்கிருந்து நீலநிற டவுன்டவுன் மெட்ரோ ரயில் வழியில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ், அதற்கடுத்து பொட்டானிக் கார்டன்ஸ். தோட்டத்தின் பெயரே நிலையத்துக்கும் இருப்பதால் எல்லோரும் அங்கே இறங்கிவிடுகிறார்கள். அது தோட்டத்தின் வடமுனை. ஆர்க்கிட் தோட்டமும் அன்னப்பறவை ஏரியும் மழைக்காடும் அங்கிருந்து வெகுதூரம் தெற்கே. வெயில் ஏறஏற நடந்து, களைத்துப்போய் ஆர்க்கிட் தோட்டத்தை அடைந்து, பிறகு அதே வழியில் திரும்ப வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இது. ஒரு நிலையம் முன்னதாக ஸ்டீவன்ஸில் இறங்குங்கள். பழுப்புநிற தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் வழிக்கு மாறுங்கள். வுட்லண்ட்ஸ் பக்கம் போகும் ரயில் வேண்டாம், ஆர்ச்சர்ட் பக்கம் போவதில் ஏறுங்கள். அடுத்த நிலையமே நேப்பியர். வெளியே வந்தால் தோட்டத்தின் தென்வாசலான டாங்ளின் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த நிலையம் 2022இல்தான் திறந்தது என்பதால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்காது.

ரயிலுக்குத் தனி அட்டை வாங்கத் தேவையில்லை. தட்டிச் செல்லும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளே போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது. இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவைத்துவிடுங்கள். கதவு திறக்காமல் நிற்பவர்களில் பலர் இதைச் செய்ய மறந்தவர்கள்.

படி 2: ஏழரைக்குள் வாசலில் இருங்கள்

சிங்கப்பூரில் வெயிலைவிட ஈரக்காற்றுதான் ஆளைக் களைக்கவைக்கும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவதும் வாடிக்கை. ஏழரைக்கு நடக்கத் தொடங்கினால் பதினொன்றுக்குள் முக்கியமான எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மடக்குக் குடை, நனைந்தாலும் வழுக்காத செருப்பு போதும். குடைக்குப் பதில் மழைக்கோட்டு வேண்டாம், உள்ளே வேர்த்து நனைவீர்கள். இடி கேட்டால் புல்வெளியையும் தனிமரத்தையும் விட்டு விலகி, அருகிலுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படி 3: தெற்கிலிருந்து வடக்கே

முதலில் அன்னப்பறவை ஏரி, 1866இல் வெட்டியது. கரையில் பெரிய உடும்புகள் வெயில் காயும். வழிவிட்டு நின்றால் அதுபாட்டுக்குப் போய்விடும். தீனி போடக்கூடாது.

அடுத்து தெம்புசு மரம். இந்தத் தோட்டம் தோன்றுவதற்கு முன்பே நின்ற மரம். ஒரு கிளை தரையை ஒட்டிக் கிடையாக நீண்டிருக்கும். சிங்கப்பூர் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டின் பின்புறம் இருப்பது இதே மரம்தான். நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அந்தக் கிளையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முன்பு பிள்ளைகள் கிளைமேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பார்கள். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். வேரைச் சுற்றி மண் மிதிபட்டு இறுகினால் காற்றும் நீரும் இறங்காது என்பதால், வேலிக்கு வெளியே நிற்பதே மரத்துக்கு நாம் செய்யும் உதவி.

இந்தத் தென்பாதியில் பிளாண்ட் ஹவுஸ் என்ற செடிக்கூடத்துக்கு ஏறும் செங்கல் படிகளைத் தவறவிடாதீர்கள். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த செங்கல் அவை. குனிந்து பார்த்தால் சில கற்களில் அம்புக்குறி பதிந்திருப்பது தெரியும். ஏறிப் போகும் கூட்டம் அதைக் கவனிப்பதேயில்லை.

மழைக்காடு ஆறு ஹெக்டேர். நகரத்தின் நடுவே தப்பிப் பிழைத்த பழைய காட்டின் துண்டு. கொசுத் தைலம் தடவிக்கொண்டு, நடைபாதையை விட்டு இறங்காமல் போங்கள்.

படி 4: ஆர்க்கிட் தோட்டம்

காலை 8.30க்குத் திறக்கும், மாலை 7க்கு மூடும். சீட்டு 6 மணிவரைதான். சுற்றுலாப் பயணியருக்கு 15 வெள்ளி. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், திறந்த உடனே நுழைந்தால் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

தேடிப் பார்க்க வேண்டியது வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இலை தட்டையாக இருக்காது, பென்சில்போல் உருண்டிருக்கும். முழு வெயிலில் நின்றால்தான் பூக்கும் என்பதால் நிழலில் தேடாதீர்கள். இளஞ்சிவப்பு கலந்த ஊதா இதழ், நடுவே ஆரஞ்சுச் சாயல்.

குளிரூட்டப்பட்ட மலைத்தாவரக் கூடத்திலிருந்து வெளியே வந்ததும் கேமராக் கண்ணாடி மங்கிவிடும். குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலுள்ள ஈரக்காற்று பட்டுத் துளியாகப் படிவதுதான் காரணம். துடைக்கத் துடைக்கத் திரும்ப மங்கும். வெளியே வருமுன் பைக்குள் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள்.

படி 5: பால்மரத்தின் முன் சற்று நில்லுங்கள்

நமக்கு இந்தத் தோட்டத்தோடு உள்ள உறவு இதுதான். 1877இல் கியூவிலிருந்து 22 ரப்பர் நாற்றுகள், அதாவது பால்மர நாற்றுகள், இங்கே வந்தன. 1888 முதல் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை இங்கே வகுத்தார். அதற்குமுன் பட்டையைக் கண்டபடி வெட்டியதால் மரம் நொந்துபோகும். மீன்முள் போலச் சாய்வாகக் கீறி, அதே கீறலின் விளிம்பில் ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவல் மட்டும் எடுத்தால் பட்டை மறுபடி வளரும், பாலும் தொடர்ந்து சுரக்கும். கத்தி உள்கட்டையைத் தொட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து பாழாகும். விடியலின் குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே மரம் சீவப் போவார்கள். இந்த முறை பரவி மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அந்தப் பால்மரக் காடுகளுக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டவர்கள் தமிழர்கள்.

மரத்தை அடையாளம் காண இலையைப் பாருங்கள், ஒரே காம்பில் மூன்று மூன்றாக இருக்கும். கீழே பழுப்புப் புள்ளிகள் போட்ட வழவழப்பான விதை கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

இதன்பின் வடக்கே நடந்து பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. சைவச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது.

பின்சேர்க்கை: சிறு பிள்ளைகளோடு வருவோருக்கு

மேலே சொன்ன வழி நடக்கக்கூடிய பெரியவர்களுக்கானது. சிறுவர் தோட்டமான ஜேக்கப் பாலாஸ் இருப்பது வடமுனையில். எனவே பிள்ளைகளோடு வந்தால் வழியைத் திருப்பிவிடுங்கள். பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கி, காலை 8 மணிக்குத் திறக்கும்போது சிறுவர் தோட்டத்துக்குள் போய்விடுங்கள். நீர் விளையாட்டு உண்டு, மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையில்லாமல் பெரியவர் மட்டும் போனால் உள்ளே விடமாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை.