டிரக் கேம்பரின் கை ஜாக்கிகளுக்கு மோட்டார் மாட்டுவது எப்படி?

டிரக்கின் முதுகில் ஏற்றிவைக்கும் வீட்டுப் பெட்டிதான் கேம்பர்; அதன் நான்கு மூலைகளிலும் உள்ள ஜாக்கிக் கால்களைச் சுற்றித்தான் தூக்க வேண்டும். பழையது ஒன்றை வாங்கி மூன்று ஆண்டுகள் கையால்தான் ஏற்றி இறக்கினேன். ஒரு மூலையில் பத்துச் சுற்று, அடுத்த மூலையில் பத்துச் சுற்று என்று பிரகாரம் வலம் வருவதைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொலராடோவின் மலைக்காற்றில் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் பெட்டி நான்கு குச்சிக் கால்களில் ஆடும்போது வயிறு கலங்கும். போன வசந்தத்தில் வலது தோள்பட்டை முரண்டு பிடித்தது. மோட்டார் வாங்கிவிட்டேன்.

கேம்பரை ஏற்றி இறக்கிப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன். அந்தப் பாடத்தை இங்கே நடத்தப்போவதில்லை.

வாங்குவதற்கு முன்

உங்கள் ஜாக்கியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாப்பிஜாக், ரீக்கோ டைட்டன் என்ற இரண்டு பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். சில மாடல்களில் மோட்டார்த் தலையை மட்டும் வாங்கி, இருக்கும் காலின் மேல் பொருத்தலாம். மற்றவற்றில் ஜாக்கியையே மாற்ற வேண்டும். மின்சாரம் இல்லாதபோது கையால் சுற்ற வழியில்லாத மோட்டார் என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஜாக்கியைக் கழற்றுதல்

கேம்பர் டிரக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கட்டும். கால்களில் சுமை இருக்கக் கூடாது. வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, கேஸை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

தலையை மட்டும் மாற்றுவதென்றால் இந்த வேலை சுலபம். முழு ஜாக்கியையும் எடுப்பதானால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். திருகு வந்த ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் மேலே போகலாம். என் கேம்பரின் பின்பக்க இடது மூலையில் ஸ்க்ரூடிரைவர் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதைப் போல இறங்கியது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புது மரம் வைக்க ஒரு வார இறுதி போயிற்று. திரும்ப மாட்டும்போது ஜாக்கித் தகட்டின் பின்னால் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் மென்மையான பட்டை) ஒட்டுங்கள். சிலிக்கான் பசை வேண்டாம். அடுத்த முறை பிரிக்கும்போது என்னைப் போல் சுரண்டிக்கொண்டு நிற்பீர்கள்.

வயர்: என்னைக் கவிழ்த்த இடம்

மோட்டார்களை மாட்டி முடிக்க எனக்கு அரை நாள்தான் ஆயிற்று. வயரை இரண்டு முறை இழுத்தேன்.

ஷெட்டில் ஒரு சுருள் 14 கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிமனைச் சொல்லும் எண்) வயர் கிடந்தது. அதையே நான்கு மூலைக்கும் ஓட்டினேன். ரிமோட்டை அழுத்தியதும் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த முன் கால்கள் விறுவிறுவென்று எழுந்தன. பின் கால்கள் முனகின. கேம்பர் பின்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. மோட்டார்தான் பழுது என்று நினைத்து, விற்றவரிடம் வேறு வாங்கி மாட்டினேன். அதுவும் முனகியது.

பிறகுதான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். கணக்கு எளிது. பின் மூலைக்கு வயர் 6 மீட்டர் ஓடுகிறது என்றால் போக வர 12 மீட்டர். அதில் 20 ஆம்பியர் பாயும்போது 14 கேஜ் வயரில் மட்டுமே சுமார் 2 வோல்ட் இறங்கிவிடும். பேட்டரியில் இருப்பதே 12 வோல்ட்தான். வயரும் சூடாகும். அதே தூரத்துக்கு 10 கேஜ் போட்டால் இழப்பு 0.8 வோல்ட் அளவில் நின்றுவிடும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எனவே 10 கேஜைவிட மெல்லிய வயரைப் போடாதீர்கள். மோட்டார் கிட்டோடு வரும் கையேடு அதைவிடத் தடிமனாகக் கேட்டால் அதையே போடுங்கள். முதன்மை ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதன் ஆம்பியர் அளவையும் கையேட்டின்படியே வையுங்கள். சுவரில் துளை போடுவதற்கு முன் மறுபக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். 120 வோல்ட் வயரும் கேஸ் குழாயும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

இணைப்புகளுக்கு ராட்செட் வைத்த கிரிம்ப் கருவி (வயர் முனையில் இணைப்பியை அழுத்திப் பிடிக்கவைப்பது) வாங்குங்கள். குறடால் நசுக்கிய இணைப்பு மலைப்பாதைக் குலுக்கலில் கழன்றுவிடும். மேலே, உள்ளே பசை தடவிய சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள்.

சோதனை

கால்கள் தரையைத் தொடாத நிலையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பாருங்கள். ஒரு கால் மட்டும் எதிர்த்திசையில் போனால் அந்த மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் போட்டால் போதும். என் ரிமோட்டில் முன் இடதை அழுத்தினால் பின் வலது நகர்ந்தது. வயர் முனைகளில் வண்ண டேப் சுற்றிவைக்காததன் பலன். இதெல்லாம் சரியான பிறகே சுமையேற்றுங்கள். தூக்கும்போது முன்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கட்டும். கால் முழுவதும் ஏறியதும் விரலை எடுத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

லித்தியம் பேட்டரி வைத்திருக்கும் ஒருவர், நான்கையும் சேர்த்து அழுத்தினால் மொத்த மின்சாரமும் அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். மோட்டார்கள் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்றின் வரம்பைத் தாண்டினால் இப்படி ஆகும். முன் ஜோடி, பின் ஜோடி என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னேன். இப்போது அணைவதில்லையாம்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டிரக்குக்காக முன் ஜாக்கிகள் வெளியே விரியும் வகை என்றால், அங்கே வயரைத் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டிய வயர் முதல் விரிப்பிலேயே பிடுங்கிக்கொண்டதாக இன்னொருவர் படம் அனுப்பியிருந்தார்.

பழைய கைப்பிடியைத் தூக்கி எறியாதீர்கள். நான் அதைக் கேம்பருக்குள் வைத்திருந்தேன். பேட்டரி தீர்ந்த ஒரு காலையில், பாதி உயரத்தில் நின்ற கேம்பருக்குள் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது அது டிரக்கில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்குகிறது.