குட்டி நாயின் முழங்கால் சில்லு விலகினால் செய்யக் கூடாதவை

பொமரேனியன், ஸ்பிட்ஸ், பக் மாதிரியான சின்ன இனக் குட்டி நடக்கும்போது ஒரு பின்காலை இரண்டு மூன்று எட்டுக்குத் தூக்கிக்கொண்டு, உதறிவிட்டு மறுபடி ஊன்றுகிறதா? "விளையாடுது, வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. முழங்கால் சில்லு விலகியிருக்கலாம்; வளரும்போதுதான் அது மோசமாகும்.

சில்லு தொடை எலும்பின் கீழ்முனைப் பள்ளத்தில் ஏறி இறங்கும் அழுத்தத்தில்தான் பள்ளம் ஆழமாகிறது. அது விலகியே கிடந்தால் பள்ளம் தட்டையாக நின்றுவிடும். சின்ன இனங்களில் சில்லு பெரும்பாலும் உள்பக்கம்தான் விலகும். முன்தொடைத் தசையும் கூடவே நகர்ந்து, வில்லின் நாண்போல எலும்பை இழுக்கும். தொடை எலும்பின் கீழ்முனையில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டின் உள்பக்கம் நசுங்கி மெதுவாக வளர, வெளிப்பக்கம் முந்திக்கொள்ளும். தொடை எலும்பு வளையும். முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பின் மேல்முனையில் சில்லு நாண் பிடிக்கும் மேடும் உள்பக்கம் திரும்பிவிடும். தொடை எலும்பு நீளத்தில் முக்கால் பங்கைத் தருவது இந்தக் கீழ்த் தட்டுதான். ஏறத்தாழ 8 முதல் 11 மாதத்தில் அது மூடியபின், வளைவை நிமிர்த்த எலும்பையே வெட்ட வேண்டிவரும்.

அதனால் 3, 4 மாதத்திலேயே காட்டுங்கள். பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நடையை செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள். டாக்டர் மேஜையில் குட்டி நொண்டாது. கையால் தள்ளினால் மட்டும் விலகுவது முதல் நிலை. தள்ளினாலும் உள்ளே போகாதது நான்காம் நிலை. முதல் நிலைதானே என்று ஒரே தடவையோடு நிறுத்தாமல், வளர்ச்சி முடியும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். எக்ஸ்ரே, அறுவை என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டவே கூடாது. வளரும் குட்டியின் முழங்காலை நீட்டியபடி பல நாள் கட்டினால் முன்தொடைத் தசை சுருங்கி ஒட்டி, கால் கட்டைபோல விறைத்துவிடும். எண்ணெய் தேய்த்துச் சில்லை அமுக்குவதும் வேண்டாம். நமக்கு வாங்கிய ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் குட்டியின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். கால்சியம் சிரப்பும் பயன் தராது. சில்லு விலகுவது கால்சியம் குறைவால் அல்ல. குட்டிகளுக்கான தீவனத்தில் தேவையான அளவு இருக்கும்போது மேலே ஊற்றுவது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். எடை கூட விடாதீர்கள்.

கடலூர்ப் பக்கம் கன்றுக்குட்டிகளிலும் சில்லு விலகும், காரணம்தான் வேறு. பெரிய கன்றை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிரசவிக்கும்போது தொடை நரம்பு அடிபட்டு, முன்தொடைத் தசை செயலிழந்து மெலிந்துபோய், சில்லு வெளிப்பக்கம் சரிகிறது. ஈன்ற அன்றே முழங்கால் மடங்கி நிற்க முடியாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சில்லு விலகிய நாயை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள்; அறுவை செய்து நன்றாக நடந்தாலும் குறை குட்டிகளுக்குப் போகும். ஆண் நாய்க்கும் இதே விதிதான்.