வாளித் தண்ணீரைக் கொண்டு யூனிட்டியில் வான் பாயவிடுவது எப்படி?

மாரி முற்றினால் இலங்கையின் வடக்கே வன்னியில் முதலில் கேட்கும் கேள்வி, குளம் வான் பாயுதோ, அதாவது நிரம்பி வழியுதோ என்பதுதான். இரணைமடு போன்ற பெரிய குளத்தில் வான்கதவுகளைத் திறந்துவிடுவார்கள். கதவில்லாத சின்னக் குளங்களில் மிஞ்சும் நீர் வான்கட்டு என்ற தாழ்ந்த கட்டின் மேலால் தானாகவே பாயும். மட்டம் கட்டைத் தொடும்வரை ஒரு சொட்டும் போகாது, தொட்டபின் மட்டம் ஏற ஏறப் பாய்ச்சலும் கூடும். சென்சர் அளவை வைத்து யூனிட்டி என்ற கேம் எஞ்ஜினில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில்) ஒரு காட்சியை இயக்கிப் பழக இந்தச் சின்னக் குளம் மிக நல்ல பாடம். எண்ணை அப்படியே காட்சியில் கொண்டுபோய் ஒட்டாமல், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க வைக்கும்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ (சென்சரை வாசிக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) ஒன்று, எச்.சி–எஸ்.ஆர்04 அல்ட்ராசொனிக் சென்சர் (ஒலியை அனுப்பித் தூரம் அளப்பது) ஒன்று, நாலு வயர், யூ.எஸ்.பி கேபிள், குளத்துக்குப் பதிலாக வாய் அகன்ற வாளி, யூனிட்டி உள்ள கணினி.

படி 1: வயர் இணைத்தல்

சென்சரில் நாலு கால்கள் உண்டு. விசிசியை 5 வோல்ட்டுக்கும், கிரவுண்டை கிரவுண்டுக்கும், டிரிக்கை 9ஆம் பின்னுக்கும், எக்கோவை 10ஆம் பின்னுக்கும் கொடுங்கள். வாளிக்குக் குறுக்கே ஒரு பலகைத் துண்டை வைத்து, சென்சரின் இரண்டு கண்களும் நேர் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். வாளியின் அடியிலிருந்து சென்சர் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். ஒலி விரிந்துகொண்டு போவதால் ஒடுங்கிய வாளியில் பக்கச் சுவரில் பட்டுப் பிழையான அளவு வரும். இந்தச் சென்சர் ஈரம் தாங்காது, தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.

படி 2: ஆர்டுயினோவில் அளத்தல்

டிரிக் காலுக்கு 10 மைக்ரோசெக்கன் துடிப்பு ஒன்று கொடுத்தால் சென்சர் ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை பல்ஸ்இன் கட்டளை மைக்ரோசெக்கனில் தரும். அதை 58ஆல் வகுத்தால் தூரம் சென்ரிமீற்றரில் கிடைக்கும். நீரின் உயரம் வேண்டுமென்றால் 30இலிருந்து அந்தத் தூரத்தைக் கழியுங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். காத்திருக்கும் நேர எல்லைக்குள் எக்கோ துடிப்பு முழுதாகக் கிடைக்காவிட்டால் பல்ஸ்இன் 0 தரும். தூரம் 0 என்றால் நீரின் உயரம் 30, அதாவது வாளி காலியாகவே இருக்கும்போது விளையாட்டுக்குள் வெள்ளம்! அதனால் 0 வந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள். மிச்ச அளவுகளில் ஐந்தைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை மட்டும் எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரேயொரு பிழை அளவுகூட முடிவை இழுத்துவிடும், நடு எண் அப்படி ஆடாது.

கிடைத்த உயரத்தை யூ.எஸ்.பி வழியாக 9600 போட் வேகத்தில், ஒரு வரிக்கு ஓர் எண்ணாக, செக்கனுக்குப் பத்துத் தரம் அனுப்பினால் போதும். ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மொனிட்டரில் எண்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு அதை மூடுங்கள். திறந்தே கிடந்தால் யூனிட்டிக்கு அந்தப் போர்ட் கிடைக்காது.

படி 3: யூனிட்டியில் வாங்குதல்

பிளேயர் செட்டிங்சில் ஏபிஐ கொம்பாட்டிபிலிட்டி லெவலை டொட்நெட் பிரேம்வேர்க் என மாற்றுங்கள். இனி போர்ட்டிலிருந்து எண்களை வாசிக்கும் சீரியல்போர்ட் வகுப்பைப் பாவிக்கலாம். அதிலுள்ள ரீட்லைன் ஒரு முழு வரி வரும்வரை காத்து நிற்கும். அதை, ஒவ்வொரு பிரேமிலும் ஓடும் அப்டேட்டுக்குள் வைத்தால் விளையாட்டு முழுவதும் சேர்ந்து நிற்கும். ஆகவே வாசிப்பதைத் தனி திரெட்டில் (பக்கத்தில் தனியாக ஓடும் வேலையில்) விடுங்கள். அந்த திரெட் எண்ணை ஒரு மாறியில் போட்டால் போதும், நீர்த்துளிகளைக் காட்டும் பார்ட்டிகிள் சிஸ்டத்தை அங்கிருந்து தொடக்கூடாது. அது அப்டேட்டின் வேலை. போர்ட் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகலாம், முதல் ஓரிரு செக்கன் எண் வராவிட்டால் பதறவேண்டாம். விளையாட்டை நிறுத்தும்போது போர்ட்டையும் மூட மறக்காதீர்கள்.

படி 4: வான் பாயவிடுதல்

வான்கட்டு 18 சென்ரிமீற்றரில், முழுப் பாய்ச்சல் 22இல் என்று வைப்போம். இன்வர்ஸ்லேர்ப்புக்கு 18, 22, நீரின் உயரம் மூன்றையும் கொடுத்தால் 0 முதல் 1 வரை ஓர் எண் வரும். 18க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 0தான். அதை 800ஆல் பெருக்கி, பார்ட்டிகிள் சிஸ்டத்தில் எமிஷனின் ரேட்ஓவர்டைமுக்குக் கொடுங்கள். உயரம் 20 என்றால் 0.5, செக்கனுக்கு 400 துளிகள். காட்சி துள்ளித் துள்ளி மாறாமலிருக்க, பழைய பெறுமானத்திலிருந்து புதியதற்கு லேர்ப்பால் மெல்ல நகர்த்துங்கள்.

இரைச்சல் ஒலிக்கு மட்டும் வேறு விதி வேண்டும். 18இல் தொடக்கி 18இலேயே நிறுத்தினால், நீர் சற்று அலையும்போதெல்லாம் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். 18இல் தொடக்கி, 17க்குக் கீழே இறங்கிய பின்பே நிறுத்துங்கள். வன்னியின் மத்தியான வெயிலில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போவதால் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் அரைச் சென்ரிமீற்றர் அளவுக்குப் பிசகலாம். இந்த ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி வாளியின் சின்ன அலைகளுக்குத்தான், அந்தப் பிசகைத் திருத்தாது. அதற்கு, விளையாடும் நேரத்தில் வாளியை அடிமட்டத்தால் அளந்து பார்த்து 58ஐச் சற்றுக் குறையுங்கள்.

இது ஓடத் தொடங்கியதும் ஒரு பொட்டென்சியோமீற்றரை (திருகிப் பெறுமானத்தை மாற்றும் குமிழை) துருசாக, அதாவது வாய்க்காலுக்கு நீர் விடும் மடையாகச் சேர்த்துப் பாருங்கள். அதே வரியில் கமா போட்டு இரண்டாவது எண்ணாக அனுப்பி, யூனிட்டியில் ஸ்பிலிட்டால் பிரித்தால் வாய்க்காலில் ஓடும் நீரையும் கையால் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்.