மலேரியா தடுப்பு மாத்திரை: எதை வாங்குவது, எத்தனை வாங்குவது

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் மருந்துக் கடை வைத்து 26 ஆண்டுகள் ஆகின்றன. துறைமுகம் அருகில் என்பதால் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். லாகோஸ், தார் எஸ் சலாம் என்று ஆப்பிரிக்க ஊர்களுக்கு ஒப்பந்த வேலைக்குக் கிளம்பும் வெல்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வருவார்கள். பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மாலை, பெட்டி கட்டி முடித்த பிறகுதான் வருவார்கள். "அக்கா, மலேரியா மாத்திரை ஒரு அட்டை கொடுங்கள்" என்று தலைவலி மாத்திரை கேட்பது போலக் கேட்பார்கள். கையில் மருத்துவர் சீட்டு இருக்காது. சீட்டில்லாமல் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

நம் பகுதி ஆட்களுக்கு மலேரியா மாத்திரை என்றால் குளோரோகுயின்தான். விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தேய்த்து, கசப்பு மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கவைத்த மாநகராட்சி ஊழியரை மறந்தவர் இங்கே யார்? இங்கே பெரும்பாலும் பரவுவது வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி வகை. அதற்கு அந்த மாத்திரை இன்றும் கேட்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஃபால்சிபாரம் என்ற வகை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற அந்த வகை, குளோரோகுயினுக்கு மசியாது. "எனக்குச் சின்ன வயதிலேயே இரண்டு முறை வந்துவிட்டது, இனி என்ன?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். இங்கே வைவாக்ஸ் வந்துபோனது அங்கே ஃபால்சிபாரத்துக்குக் கவசம் ஆகாது.

போகிற ஊருக்கு மாத்திரை வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். இலங்கை 2016-இலேயே மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்டது. சிங்கப்பூருக்கும் மாலத்தீவுக்கும் வேண்டாம். ஆப்பிரிக்கா என்றால் நாட்டின் பெயர் மட்டும் போதாது. எந்த ஊர், எந்த மாதம், இரவு எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேடான ஊர்களில் கொசு குறைவு. அதே நாட்டின் தாழ்வான பகுதியில் கதை வேறு.

ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். துறைமுக சுகாதார அலுவலகத்திலும் கிண்டி கிங் நிலையத்திலும் போடுகிறார்கள். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, "ஊசியே போட்டாயிற்று, மாத்திரை எதற்கு அக்கா?" என்று கேட்டவர்களை எண்ணி மாளாது. அது வேறு நோய், இது வேறு நோய்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். நடைமுறையில் மூன்றில் ஒன்றைத்தான் மருத்துவர் எழுதுவார்.

மலிவானது டாக்ஸிசைக்ளின். தினமும் 100 மில்லிகிராம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம். ஆறு வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு நம் அரசு வழிகாட்டுதல் சொல்வதும் இதைத்தான். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கும் ஆகாது. வெயிலில் தோல் எளிதில் வெந்து சிவக்கும். கப்பல் மேல்தளத்தில் வேலை என்றால் முழுக்கைச் சட்டை அவசியம். விழுங்கும் விதமும் முக்கியம். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் எச்சிலோடு மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட்டார். அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, மூன்று நாள் மோர்கூட இறங்கவில்லை. சாப்பிட்டதும், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து எதையும் அதோடு சேர்க்காதீர்கள். மருந்து உடம்பில் சேராது.

இரண்டாவது அடோவாகுவோன்–புரோகுவானில். டாக்ஸிசைக்ளினுக்கு நேர்மாறாக, இதற்குப் பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ வேண்டும். தினமும் ஒன்று, ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள் போதும். தொல்லை குறைவு, விலை அதிகம். எங்கள் கடையில் எப்போதும் இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவேன். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இது கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இதன் வேலை குறைந்துவிடும். வடசென்னையில் அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் நிறைய. வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மூன்றாவது மெஃப்ளோகுயின். வாரம் ஒன்று என்பதால் ஆறு வாரத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு எழுதுவார்கள். இரண்டு வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம். வலிப்பு, மனநோய், இதயத் துடிப்புக் கோளாறு முன்பு இருந்திருந்தால் இது வேண்டவே வேண்டாம். பயங்கரக் கனவு, தலைச்சுற்றல், காரணமில்லாத பதற்றம் வரலாம். கிரேன் ஓட்டுபவர், உயரத்தில் வேலை பார்ப்பவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்கூட்டித் தொடங்குவதில் ஒரு லாபம் உண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டிலிருக்கும்போதே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம்.

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் உடம்பும் வேலையும் எந்த மாத்திரையைக் கடைசி நாள் வரை விடாமல் விழுங்க விடும் என்று யோசியுங்கள். கடைசி நாள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு என் தம்பிதான் காரணம். கானாவில் தேமா துறைமுகத்தில் மூன்று வாரம் வேலை. அங்கிருந்த வரை டாக்ஸிசைக்ளினை ஒரு நாள் விடவில்லை. திரும்பும் விமானத்தில், "ஊருக்கு வந்தாயிற்று" என்று நிறுத்திவிட்டான். பதினோராவது நாள் காய்ச்சல். சிகிச்சைக்குப் போன இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் ரத்தத் தகடு பார்த்தபோது ஃபால்சிபாரம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள். அவனுடைய ஷேவிங் பையில் 28 மாத்திரைகளும் பிரிக்காமல் கிடந்தன. மருந்துக் கடைக்காரியின் தம்பி!

கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குப் போய், ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கே பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் அதை ரத்தத்தில்தான் பிடிக்கின்றன. கடைசி இரவு கடித்த கொசுவின் கிருமி நீங்கள் ராயபுரத்தில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே வரும். அதற்காகத்தான் நான்கு வாரம். அடோவாகுவோன்–புரோகுவானில் ஈரலிலேயே அடிப்பதால் ஏழு நாளில் முடிகிறது.

ஆகவே அட்டைக் கணக்கு பார்க்காதீர்கள், நாளை எண்ணுங்கள். 21 நாள் பயணத்துக்கு டாக்ஸிசைக்ளின் 2+21+28, மொத்தம் 51. அடோவாகுவோன்–புரோகுவானில் 2+21+7, மொத்தம் 30. விமானம் தாமதமானால் என்று நாலைந்து கூடுதல். எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிக் கைப்பையில் வையுங்கள். அங்கே சந்தைகளில் போலி மருந்து உலவுகிறது. நாள்காட்டியில் கடைசி மாத்திரை நாளை வட்டமிட்டு, வீட்டில் ஒருவரிடம் கண்காணிக்கச் சொல்லுங்கள். இப்போது என் தம்பிக்கு அம்மா அதைப் பார்க்கிறார். நிலவேம்புக் குடிநீரை மாத்திரைக்குப் பதிலாக நம்பிக் கிளம்பாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு தூங்குங்கள்.

அங்கே போன ஏழாம் நாளிலிருந்து, திரும்பி ஓராண்டு வரை எப்போது காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்; குறிப்பாக முதல் மூன்று மாதம். உட்கார்ந்ததும், அவர் நாடி பிடிப்பதற்கு முன்பே, எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ரத்தத் தகடு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள்.