ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் பேய் பங்களா: பிரவுசரில் ஒரு திகில் கேம்

ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதில் படம் வரைய ஒரு கேன்வாஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். இவ்வளவு போதும். அரேயும் ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: சீட் எண்
ஏதோ ஒரு எண்ணைத் தரும் மேத்.ரேண்டம் வேண்டாம், அதற்கு சீட், அதாவது எண்வரிசையைத் தொடங்கிவைக்கும் எண், கொடுக்க முடியாது. பேய் சுவருக்குள் சிக்கிக்கொண்டால், சோதித்துப் பார்க்க அதே பங்களா மறுபடி வர வேண்டுமே! மல்பெரி32 என்ற ஃபங்ஷன் பத்து வரிக்குள் அடங்கும். ஒரே சீட்டுக்கு எப்போதும் ஒரே எண்வரிசைதான் தரும்; ஆட்டத்துக்கு ஆட்டம் சீட்டை மாற்றினால் பங்களாவும் மாறும்.

படி 2: பங்களாவைத் தோண்டுதல்
31க்கு 31 கட்டங்கள், எல்லாமே 1, அதாவது சுவர். வரிசை 1, பத்தி 1-இல் தொடங்குங்கள். இரண்டு கட்டம் தள்ளி, இன்னும் தோண்டாத ஓர் இடத்தை சீட் வழியே தேர்ந்தெடுத்து, அதையும் நடுவிலிருக்கும் சுவரையும் 0, அதாவது பாதை, ஆக்குங்கள். வழி அடைபட்டால் வந்த பாதையிலேயே பின்வாங்குங்கள். கடந்த கட்டங்களை ஒரு ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) வைத்திருந்தால் இது சுலபம்.

ஆனால் இதில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் இருக்கும். குறுகிய நடையில் பேய் எதிரே வந்தால் ஆட்டம் முடிந்தது. அது பயமில்லை, வெறும் எரிச்சல். அதனால் மூன்று பக்கமும் சுவருள்ள முட்டுச்சந்துகளைத் தேடி, அவற்றில் பாதிக்கு மட்டும் ஒரு சுவரை உடைத்துப் பக்கத்துப் பாதையோடு சேருங்கள். வெளிச்சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 3: வாசலும் பேயும்
ஆட்டக்காரர் நிற்கும் கட்டத்திலிருந்து பிஎஃப்எஸ் (அருகிலுள்ள கட்டங்களில் தொடங்கி அடுக்கடுக்காகப் பரவும் தேடல்) ஓடவிட்டால் ஒவ்வொரு கட்டமும் எத்தனை கட்டம் தூரம் என்று தெரிந்துவிடும். தொடக்கத்தில் மிகத் தொலைவாக வரும் கட்டம்தான் வெளிவாசல். அப்புறம் ஆட்டக்காரர் நகரும்போதெல்லாம் இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். பேய் தூரம் குறையும் பக்கம் நகரட்டும், ஆட்டக்காரரைவிடச் சற்று மெதுவாக.

படி 4: இருட்டு
ஆட்டக்காரரை நடுவில் வைத்து ஒரு வட்ட கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்): நடுவில் ஒளி ஊடுருவும், ஓரத்தில் முழுக் கறுப்பு. கடைசியாக இதை வரையுங்கள்.

படி 5: சத்தம்
என்னைக் கேட்டால் பாதி பயம் இங்கேதான். கிளிக் செய்யும் வரை குரோம் ஒலியை விடாது. ஆகவே 'உள்ளே போ' என்று ஒரு பொத்தான் வையுங்கள். ஒலியை இடம் வலம் நகர்த்தும் ஸ்டீரியோ பேனர் நோடில் பேய் இடப்பக்கம் இருந்தால் மைனஸ் 1 வரை, வலப்பக்கம் இருந்தால் 1 வரை கொடுங்கள். ஒலியளவுக்கு மட்டும் பாதைத் தூரத்தை எடுக்காமல் நேர்க்கோட்டுத் தூரத்தை எடுங்கள். இருபது கட்டம் சுற்றி வர வேண்டிய பேய், சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது அப்படியே காதில் விழும்.