சாமி அறைச் சுவரில் ஊர்ந்த பட்டை

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் மதிய சீரியல் ஷூட்டிங். நான் இணை இயக்குநர். இரண்டாவது கேமராவில் மட்டும், சாமி அறை எல்இடி பல்பு வெளிச்சம் விழும் சுவரில் மங்கலான பட்டைகள் மெல்ல ஊர்ந்தன. மாமியார் முகத்தில் ஒன்றுமில்லை. அங்கே டங்ஸ்டன் லைட், அதாவது இழை சூடாகி எரியும் விளக்கு.

ஜெனரேட்டருக்கு மாறினோம், பட்டை இன்னும் வேகமாக ஓடியது. அதனால் ஜெனரேட்டர்மேல் சந்தேகம். பல்பு, கேபிள் எல்லாம் மாற்றியும் மூன்று நாள் போச்சு. கையிருப்பில் இரண்டே எபிசோட், வயிற்றைக் கலக்கியது.

கடைசியில் கேமரா மெனுவைத் திறந்தேன். நொடிக்கு 25 பிரேம் சரி, ஆனால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/60 நொடி! நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல்பு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50-ல் இரண்டு துடிப்பு முழுசாக அடங்கும், 1/60-ல் அடங்காது. 1/50 வைத்ததும் சுவர் சுத்தம்.

வாடகைக் கேமரா, வரும்போதே ரீசெட் ஆகியிருக்கிறது. இப்போது முதல் ஷாட்டுக்கு முன்னால் இரண்டு கேமரா ஷட்டரையும் நானே பார்த்துவிடுகிறேன்.