கோல்ஃப் மைதானத்தைப் படித்துவிட்டு ஆடுவது எப்படி

புது மைதானத்துக்குப் போனால் பலரும் ஸ்கோர்கார்டில் மொத்த நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு, கஷ்டமா சுலபமா என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். நீளமான மைதானத்திலும் சந்தோஷமாக ஆடலாம், குட்டையான மைதானத்திலும் நொந்துபோய்த் திரும்பலாம். வடிவமைத்தவர் எங்கே இடம் விட்டிருக்கிறார், எங்கே மறித்திருக்கிறார், தப்பாக அடித்தவருக்கு அடுத்த அடியில் என்ன வழி வைத்திருக்கிறார் என்பதுதான் முக்கியம், அதைக் கொஞ்சம் பழகினால் யாரும் படித்துவிடலாம்.

கார்டில் முதலில் பார்க்க வேண்டியவை கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்ற இரண்டு எண்கள். ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) பூஜ்யமாக உள்ளவர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்பது கோர்ஸ் ரேட்டிங். ஸ்லோப் 55-இல் இருந்து 155 வரை போகும், 113 என்பது நடுத்தரம். ஸ்லோப் அதிகம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு கஷ்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், திறமைசாலியைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (உங்கள் திறமையைச் சொல்லும் எண்) 18, ஸ்லோப் 130, ரேட்டிங்கும் பாரும் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகள்) 72 என்றால், 18-ஐ 130-ஆல் பெருக்கி 113-ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 21 வரும். அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகள் அவ்வளவு.

அப்புறம் டீ, அதாவது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடியை அடிக்கும் இடம். இதில்தான் நிறைய பேர் வீம்பு பிடிக்கிறார்கள். உங்கள் 5 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) சராசரியாகப் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்கிப் பாருங்கள். 140 யார்டு போகிறது என்றால் 5,040 யார்டு, மொத்த நீளம் அதற்குப் பக்கமாக வரும் டீயில் நில்லுங்கள். அமெரிக்காவில் கோல்ஃப் அமைப்புகளான யுஎஸ்ஜிஏவும் பிஜிஏவும் 2011-இல் தொடங்கிய ‘டீ இட் ஃபார்வர்டு’ இயக்கம் சொன்னதும், நீங்கள் அடிக்கும் தூரத்துக்கு ஏற்ற டீயில் ஆடுங்கள் என்பதைத்தான். பங்கரையும் (மணற்குழி) வளைவையும் வடிவமைப்பாளர் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பந்து விழும் என்று கணக்குப் போட்டு வைக்கிறார். நீங்கள் ரொம்பப் பின்னால் நின்றால் தாண்டலாமா, ஒதுங்கலாமா என்று யோசிக்க வேண்டிய பங்கர் வரைக்கும் உங்கள் பந்து போகவே போகாது, சின்ன அயர்னை ஏற்கும்படி செய்த கிரீனுக்கு (கொடி நட்ட குழி இருக்கும், புல் ஒட்ட வெட்டிய இடம்) நீங்கள் வுட்டை (வெகுதூரம் அடிக்கும் மட்டை) எடுத்துக்கொண்டு போராட வேண்டியிருக்கும். இதனால் ஆட்டம் கடினமாகிறது, ஆனால் சுவாரசியம் ஒன்றும் கூடுவதில்லை.

டீயைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால் ஒவ்வொரு ஹோலையும் கிரீனில் இருந்து பின்னோக்கிப் பாருங்கள், யார்டேஜ் புத்தகம் (தூரங்களைக் குறித்த கையேடு) கிடைத்தால் நல்லது. கிரீன் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? அங்கே போய்ச் சேர ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டி வைத்த புல்வெளி) எங்கே நிற்க வேண்டும்? அந்த இடத்துக்குக் காவலாக என்ன இருக்கிறது? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் 17-வது ஹோல், அதாவது ரோடு ஹோல், இதற்கு நான் பார்த்தவரை மிகச் சிறந்த பாடம். வலது ஓரத்தை ஒட்டி அடித்தால் கிரீனுக்கு நல்ல கோணம் கிடைக்கும், ஆனால் அந்தப் பக்கம்தான் எல்லைக்கு வெளியே. பயந்து இடது பக்கம் அடித்தால் பந்து பத்திரம், ஆனால் இப்போது கொடிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பொல்லாத பங்கர், கிரீனைத் தாண்டினால் சாலை. 1978 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஜப்பான் வீரர் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனில் ஏறிவிட்டு, அவர் போட்ட பட் (கிரீனில் உருட்டும் அடி) உருண்டு அந்தப் பங்கரில் விழுந்து, கடைசியில் 9 எடுத்தார். சாதாரண ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்றால், இரண்டாவது அடியைக் கிரீனுக்கு முன்னால் வலது பக்கமாக நிறுத்திவிட்டு, அங்கிருந்து தரையோடு உருட்டிவிட வேண்டும். 5 என்பது அங்கே நல்ல ஸ்கோர்தான். உலகத்தரமான வீரரையே உலுக்கும் ஹோலில் நமக்கும் ஒரு வழி இருக்கிறது பாருங்கள், நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லா இடத்திலும் அப்படி வழி இருக்காது. புளோரிடாவில் பீட் டை வடிவமைத்த டிபிசி சாகிராஸின் 17-வது ஹோல் 137 யார்டுதான், ஆனால் கிரீனைச் சுற்றித் தண்ணீர். ஒன்று கிரீனில் விழ வேண்டும், இல்லாவிட்டால் பந்தை மறந்துவிட வேண்டும். ஒரு முறை ஆடிப் பார்க்க அருமை, வாரா வாரம் ஆட எனக்கு ஆசை இல்லை. இந்த மாதிரி ஹோலில் கொடியைப் பார்க்காமல் கிரீனின் நடுவைக் குறிவையுங்கள். அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானம் இதற்கு நேரெதிர்: அங்கே பந்து தொலைவது அபூர்வம், ஆனால் அதை வடிவமைத்த டொனால்டு ராஸின் கிரீன்கள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிவதால் கொஞ்சம் தவறினாலும் பந்து வழிந்து வெளியே ஓடிவிடும். சுற்றிலும் புல் ஒட்ட வெட்டியிருப்பதால் வெளியிலிருந்தும் பட்டரையே (பந்தை உருட்டும் மட்டை) எடுங்கள், வெட்ஜில் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) வித்தை காட்டுவதைவிட அது பத்திரம்.

ஃபேர்வே அகலத்தையும் ரஃபின் (ஓரத்தில் உயரமாக விட்ட புல்) உயரத்தையும் முன்பே விசாரித்துவிடுங்கள். 2019 விதிப்படி பந்தைத் தேட 3 நிமிடம்தான், ரஃப் அடர்ந்திருந்தால் அன்றைய பொழுது தேடுவதிலேயே போய்விடும். கேடி (பையைத் தூக்கி, யோசனை சொல்லும் உதவியாளர்) இருந்தால் ஒவ்வொரு டீயிலும் எந்தப் பக்கம் தப்பினால் பரவாயில்லை என்று கேளுங்கள், அவர் காட்டும் பக்கத்துக்குக் கொஞ்சம் சாய்த்தே குறிவையுங்கள்.